டென்ட் ஒழுகுதா, முதுகு குளிருதா? பைக்கில் தனியாக முகாம் போகிறவருக்கான பிழை நீக்கும் வழிமுறை

வேலூரிலிருந்து ஒரு டேங்க் பெட்ரோலில் போய்த் திரும்பக்கூடிய மலைகளை மனதில் வைத்து எழுதியது இது: ஏலகிரி, ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர், காவலூர்ப் பக்கம். ஊருக்கும் ஏலகிரிக்கும் உயர வித்தியாசம் ஏறக்குறைய 900 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் 6 டிகிரி குறையும். கோட்டைப் பக்கம் 19 டிகிரி காட்டும் தை மாத விடியலில் ஏலகிரி மேலே 13, 14 என்று வைத்துக்கொள்ளலாம். காவலூர் வானாய்வகம் இருப்பது 725 மீட்டரில், அங்கே இதைவிடக் குளிர் கொஞ்சம் குறைவு. டென்ட்டும் ஸ்லீப்பிங் பேக்கும் வாங்கும்போது எடுத்துக்கொள்ள வேண்டிய கணக்கு இதுதான், இமயமலைக் கணக்கு அல்ல.

கீழே ஒவ்வொரு கோளாறுக்கும் காசில்லாமல் தீரும் காரணம் முதலில், கை கடிக்கும் காரணம் கடைசியில். அந்த வரிசையிலேயே பாருங்கள். "டென்ட் மட்டம்" என்று தூக்கிப் போடப்படுவதில் பாதிக்கு மேல் டென்ட்டில் குறையே இருக்காது, கட்டிய விதத்தில்தான் இருக்கும்.

1. காலையில் எழுந்தால் உள்ளே ஈரம்

முதலில் ஈரம் எங்கே என்று பாருங்கள். கூரையின் உள்பக்கம் முழுக்கச் சன்னமான துளிகளா? தையல் ஓரமாக மட்டும் கோடு போல நனைந்திருக்கிறதா? தரையிலா? மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு.

*1அ. கூரையின் உள்பக்கம் முழுக்கத் துளி*

ராத்திரி மழையே இல்லை, ஆனாலும் ஈரம் என்றால் சந்தேகமே வேண்டாம், அது உங்கள் மூச்சு. தூங்கும் ஒரு ஆள் ஒரு ராத்திரியில் விடும் ஈரம் சில நூறு மில்லி வரும். குளிர்ந்த சீலையில் அது பட்டு நீராகிறது. மார்கழிப் பனி கொட்டும் ராத்திரியில் இது எந்த விலை டென்ட்டிலும் நடக்கும். குறைக்கலாம், அறவே ஒழிக்க முடியாது.

- காற்றுத் துவாரங்கள் மூடியிருக்கின்றனவா? குளிருக்குப் பயந்து எல்லாவற்றையும் மூடுவதுதான் முதல் தப்பு. மேல் துவாரம் திறந்திருக்கட்டும், கதவு ஜிப்பை மேலே ஒரு சாண் இறக்கி விடுங்கள்.
- மழை தடுக்கும் வெளிச்சீலை, உள்ளே நாம் படுக்கும் உள்கூட்டைத் தொடுகிறதா? கையை விட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி வேண்டும். நைலான் சீலை நனைந்தால் தளரும். கட்டி ஒரு மணி நேரம் கழித்து ஒருமுறை இழுத்து விட வேண்டும். பாலியஸ்டர் இந்த அளவு தளராது, நம்ம ஊர் வெயிலையும் கூடுதலாகத் தாங்கும்.
- இடம் பள்ளமா, ஓடைக் கரையா? குளிர்ந்த காற்று கீழே இறங்கிப் பள்ளத்தில்தான் தேங்கும். பத்தடி மேலே, மரத்தடியில் கட்டினாலே பனி பாதியாகும். காய்ந்த கிளை மேலே தொங்குகிறதா என்று அண்ணாந்து பார்த்துவிட்டுக் கட்டுங்கள்.
- நனைந்த ஜாக்கெட், சாக்ஸ் உள்ளே இருக்கிறதா? வெளித் திண்ணைப் பகுதிக்குத் தள்ளுங்கள்.
- இத்தனைக்கும் பிறகும் ஒழுகினால், உங்களுடையது ஒற்றைச் சீலை டென்ட்டாக இருக்கும். ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் பாப்-அப் வகை பெரும்பாலும் இதுதான். இதற்கு ரிப்பேர் கிடையாது. அடுத்தது வாங்கும்போது வலை உள்கூடு தனி, மழைச்சீலை தனி என்று இரட்டையாக இருப்பதை வாங்க வேண்டும்.

*1ஆ. தையல் ஓரமாக ஒழுகல்*

வீட்டு மொட்டை மாடியே இதற்குப் பரிசோதனைக் கூடம். டென்ட்டைக் கட்டி, உள்ளே தரை முழுக்கப் பழைய தினத்தாளை விரித்து, வெளியிலிருந்து பைப்பில் பதினைந்து நிமிடம் தண்ணீர் அடியுங்கள். இன்னொருவர் உள்ளே உட்கார்ந்து பார்க்கத் தேவையில்லை. எந்த இடத்தில் தாள் நனைந்திருக்கிறதோ அதற்கு நேர் மேலே இருக்கிற தையல்தான் குற்றவாளி.

தையல் மேல் ஒட்டியிருக்கும் டேப் உரிந்திருந்தால் அந்தத் துண்டை மட்டும் உரித்து, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, சீம் சீலர், அதாவது தையலை அடைக்கும் பசை, தடவ வேண்டும். எந்தச் சீலர் என்பதில்தான் பலர் காசை விடுகிறார்கள். சீலையில் ஒரு செலோ டேப்பை ஒட்டிப் பாருங்கள். நன்றாக ஒட்டினால் அது பாலியூரித்தேன் பூச்சு, பாலியூரித்தேன் சீலர் போதும். வழுக்கி உரிந்தால் சிலிக்கான் பூச்சு, சிலிக்கான் சீலர்தான் பிடிக்கும். சில டென்ட்டில் ஒரு பக்கம் ஒன்று, மறுபக்கம் இன்னொன்று இருக்கும். தடவப்போகும் பக்கத்தில் டேப் வையுங்கள். மெல்லிய பூச்சாக இரண்டு தரம். ஒரு ராத்திரி முழுக்கக் காயட்டும், பிறகு கொஞ்சம் முகப்பவுடர் தூவி மடியுங்கள். இல்லாவிட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

*எப்போது கைவிடுவது:* உள்பக்கப் பூச்சு பிசுபிசுக்கிறது, புளித்த வாடை அடிக்கிறது, வெள்ளையாகச் செதில் உதிர்கிறது. இந்த மூன்றில் ஒன்று சீலை முழுக்கத் தெரிந்தாலும் பூச்சு செத்துவிட்டது. ஈரத்தோடு மடித்துப் பரணில் போட்டதன் பலன். சீலர் டப்பா வாங்கிக் காசைக் கரைக்காதீர்கள், மழைச்சீலையை மாற்றுங்கள். உத்தரவாதக் காலத்துக்குள் என்றால் நீங்களாக எதையும் தடவும் முன் கம்பெனிக்குப் படம் அனுப்புங்கள். தடவிய பிறகு பெரும்பாலும் ஏற்க மாட்டார்கள்.

புதிதாக வாங்கும்போது நீர்த்தாங்கு அளவைப் பாருங்கள், அதாவது எத்தனை மிமீ உயரத் தண்ணீரின் அழுத்தத்தைச் சீலை ஒழுகாமல் தாங்கும் என்ற எண். மழைச்சீலைக்கு 1500 மிமீக்குக் குறையக் கூடாது, தரைக்கு 3000 மிமீ. ஐப்பசி அடைமழையிலும் போவேன் என்பவருக்கு மேலே 2000 இருந்தால் நிம்மதி. எண்ணே போடாமல் "வாட்டர்ப்ரூஃப்" என்று மட்டும் போட்டிருந்தால் தூறல் தாங்கும் என்று படிக்கவும்.

*1இ. தரை ஈரம்*

கீழே விரிக்கும் சீட் டென்ட்டின் ஓரத்தைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கிறதா? அப்படியானால் கூரையில் வழியும் மழையை அதுவே பிடித்து உங்கள் முதுகுக்கு அடியில் சேர்க்கிறது. நாலு பக்கமும் 5 செமீ உள்ளே அடங்கும்படி வெட்டுங்கள். இதற்கென்று தனியாக விற்கும் சீட்டை வாங்க வேண்டியதில்லை, பழைய ஃப்ளெக்ஸ் பேனர் ஒரு துண்டு போதும். கனம்தான், ஆனால் முள்ளுக்கு அதைவிட உறுதியானது எதுவுமில்லை. பாலாற்று ஓரமெல்லாம் சீமைக் கருவேலம். அதன் முள் டயரையே பதம் பார்க்கும், டென்ட் தரை எம்மாத்திரம்.

சீட் சரியாக இருந்தும் ஈரம் வந்தால் ஊசி ஓட்டையாக இருக்கும். தரையை மட்டும் தொட்டில் போலத் தூக்கிக் கட்டி, ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றி, அடியில் எங்கே முத்து கோக்கிறது என்று பாருங்கள். அந்த இடத்தில் ஒட்டுத்துண்டு, இரண்டு பக்கமும். பத்துக்கு மேல் ஓட்டை என்றால் ஒட்டி மாளாது.

2. ராத்திரி குளிர்

ஸ்லீப்பிங் பேக்கைத் திட்டும் முன், குளிர் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று கவனியுங்கள்.

*2அ. முதுகும் இடுப்பும் சில்லென்று, மேலே பரவாயில்லை*

பேக் சரி, பாய் தப்பு. நீங்கள் படுத்த இடத்தில் பேக்கின் பஞ்சு நசுங்கி அப்பளமாகிவிடும். அடியில் காப்பது முழுக்கப் பாய்தான். வந்தவாசிக் கோரைப்பாய் வெயில் காலத்துக்குச் சொர்க்கம், தை மாத ஏலகிரிக்கு மட்டும் போதாது.

மடிப்பு நுரைப் பாய் ஒன்று போதும். அதன் வெப்பத்தடை எண், அதாவது ஆர் மதிப்பு, 2 பக்கம் இருக்கும். நம் மலைகளுக்கு அதற்கு மேல் தேவையில்லை. காற்றடைக்கும் பாய் மெத்தென்று இருக்கும், சுருட்டினால் தண்ணீர் பாட்டில் அளவு. ஆனால் உள்ளே பஞ்சோ தகடோ இல்லாத வெறும் காற்றுப் பாய் குளிரை அப்படியே கடத்தும், முள் பட்டால் விடிய விடியத் தரைதான். தனியாகப் போகிறவருக்கு நுரைப் பாயே உத்தமம். கையில் எதுவுமில்லாமல் மாட்டிக்கொண்டீர்களா? ரைடிங் ஜாக்கெட்டை இடுப்புக்கு அடியிலும், காலிப் பையைக் காலுக்கு அடியிலும் போடுங்கள்.

*2ஆ. உடம்பு முழுக்கக் குளிர்*

வரிசையாகப் பாருங்கள்:

- பசியோடு படுத்தீர்களா? உடம்புதான் அடுப்பு, பேக் வெறும் போர்வை. படுக்கும் முன் கடலை மிட்டாய் இரண்டு தின்றாலும் வித்தியாசம் தெரியும்.
- வியர்வையில் ஊறிய பனியனோடு படுத்தீர்களா? உலர்ந்த உடுப்பு ஒரு செட் தூங்குவதற்கென்றே தனியாக இருக்கட்டும். தலைக்குக் குல்லா.
- ஜிப் ஓரத்தில் காற்று நுழைகிறதா? அங்கே உள்பக்கம் பஞ்சுக் குழாய் ஓட வேண்டும். மலிவு பேக்கில் அது இருக்காது. ஜிப்பைத் தரைப்பக்கம் வைத்து ஒருக்களித்துப் படுங்கள்.
- பேக் பெரிதாக இருக்கிறதா? காலுக்குக் கீழே ஒரு முழம் காலி இடம் இருந்தால் அதையும் நீங்கள்தான் சூடாக்க வேண்டும். அந்த இடத்தில் நாளைய துணியைத் திணியுங்கள்.
- பருத்தி வேட்டியையோ லுங்கியையோ பை போலத் தைத்து உள்ளே போட்டுப் படுக்கலாம். ஓரளவு சூடு கூடும், பேக்கும் அழுக்காகாது.

இதெல்லாம் செய்தும் குளிர்ந்தால் லேபிளைப் படியுங்கள். ஐ.எஸ்.ஓ. 23537 முறைப்படி சோதித்த பேக்கில் மூன்று வெப்பநிலை இருக்கும்: கம்ஃபர்ட், லிமிட், எக்ஸ்ட்ரீம். கடைக்காரர் பெரிய எழுத்தில் காட்டுவது மூன்றாவதாகவும் இருக்கலாம். அது உயிர் தப்பும் கணக்கு, தூங்கும் கணக்கல்ல. நீங்கள் பார்க்க வேண்டியது நிம்மதியாகத் தூங்கும் கணக்கான கம்ஃபர்ட் மட்டும். ஒரே ஒரு எண்தான் போட்டிருக்கிறது, எந்த முறை என்றும் எழுதவில்லை என்றால், அந்த எண்ணோடு 6, 7 டிகிரி கூட்டிக்கொண்டு நம்புங்கள்.

ஏலகிரி, ஜவ்வாதுக்கு கம்ஃபர்ட் 10 டிகிரி உள்ள செயற்கைப் பஞ்சு பேக் ஒன்றே ஆண்டு முழுவதற்கும் போதும். ஊட்டி, கொடைக்கானல் மார்கழிக்கும் அதே பேக் வேண்டும் என்றால் கம்ஃபர்ட் 0 பக்கம் பாருங்கள், அது இங்கே வேகவைக்கும் என்பதையும் தெரிந்துகொண்டு. லடாக்குக்கு வாழ்நாளில் ஒருமுறை போகிறவர் மைனஸ் டிகிரி பேக்கை இங்கிருந்து வாங்கிச் சுமக்க வேண்டாம், லேயிலும் மணாலியிலும் வாடகைக்குக் கிடைக்கும்.

வாத்து இறகு பேக் வேண்டுமா? எடை பாதி, அளவு பாதி, விலை பல மடங்கு. ஈரம் பட்டால் இறகு கட்டிதட்டிச் சூடு போய்விடும். மழையில் பைக்கில் போகிற ஆளுக்குச் செயற்கைப் பஞ்சே சரி.

*2இ. முன்பெல்லாம் குளிராது, இந்த வருடம் குளிர்கிறது*

பேக்கை உதறி விரித்து ஒரு மணி நேரம் விட்டுவிடுங்கள். பிறகு விளக்குக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் திட்டுத் திட்டாகத் தெரியும் இடத்தில் பஞ்சு நகர்ந்திருக்கிறது. அழுக்கும் எண்ணெயும் ஏறியதால் அமுங்கியிருந்தால் துவைத்தால் மீளும். பெரிய டப்பில் வெதுவெதுப்பான தண்ணீர், குறைந்த அளவு திரவ சோப், காலால் மெதுவாக மிதித்து, பிழியாமல் அழுத்தி வடித்து, நிழலில் படுக்கவைத்துக் காயவைக்க வேண்டும். ஈரக் கனத்தோடு கொடியில் தொங்கவிட்டால் உள் தையல் அறுந்துவிடும். இறகு பேக்கைத் தெருமுனை டிரை கிளீனிங்கில் கொடுக்காதீர்கள், மருந்து இறகின் இயற்கை எண்ணெயை உறிஞ்சிவிடும்.

வருடம் முழுக்கச் சின்ன உறையில் அமுக்கி வைத்திருந்த செயற்கைப் பஞ்சு துவைத்தாலும் எழாது. மாற்றவேண்டியதுதான். புதியதைத் தலையணை உறை போன்ற பெரிய துணிப்பையில் தளர்வாக வையுங்கள்.

*நிறுத்த வேண்டிய இடம்:* எவ்வளவு குளிரானாலும் டென்ட்டுக்குள் அடுப்போ கரிச்சட்டியோ வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது. உள்ளே தலைவலி, குமட்டல் வந்தால் உடனே வெளியே வந்து 108ஐ அழையுங்கள்.

3. புழுக்கம் தாங்கவில்லை

மழைச்சீலையை எடுத்துவிட்டு வலை உள்கூட்டை மட்டும் கட்டுங்கள். உள்கூடு பாதிக்கு மேல் வலையாக இல்லாமல் துணியாக இருந்தால் அது குளிர்நாட்டு டென்ட், இங்கே சரிப்படாது. கோடை மழை சொல்லாமல் வரும். ஆகையால் சீலையைக் கழற்றி மூட்டை கட்டாமல், ஒரு பக்கம் மாட்டி, சுருட்டித் தயாராக வைத்திருங்கள். காலை வெயில் வர நேரமாகும்படி கிழக்கே மறைப்புள்ள இடம் பாருங்கள்.

அக்னி நட்சத்திரத்தில் சமவெளியில் டென்ட் கட்டுவதற்கு மட்டும் வைத்தியம் எதுவும் இல்லை. மலை ஏறுங்கள், அல்லது ஆடி வரட்டும்.

4. காற்றில் சாய்கிறது, கழி உடைகிறது

*4அ. முளை நிற்கவில்லை*

நம்ம பக்கம் மூன்று வகைத் தரை. வெறும் பாறை, காய்ந்து இறுகிய செம்மண், ஆற்று மணல். டென்ட்டோடு வரும் கம்பி முளை மூன்றிலும் தோற்கும். செம்மண்ணுக்கு ஒய் வடிவ அலுமினிய முளை, 18 செமீ நீளம், ஆறு எட்டு வாங்கி வையுங்கள். கயிறு இழுக்கும் திசைக்கு எதிர்ப்பக்கம் தலை சாய்ந்திருக்கும்படி அடிக்க வேண்டும்.

பாறையில் முளையே வேண்டாம். கயிற்று நுனியில் கைப்பிடிக் கல்லைக் கட்டி, அதன் முன்னால் தலையளவுக் கல்லை வைத்து அடைகொடுங்கள். பெரிய கல்லில் நேரடியாகக் கட்டினால் கயிறு தேய்ந்து அறும். மணலில் ஒரு பையில் மணல் நிரப்பி, கயிற்றைக் கட்டி, ஒரு முழ ஆழத்தில் புதைத்து மிதித்துவிடுங்கள். ஆற்று மணலில் கட்டுவதே வறண்ட மாதங்களில் மட்டும் செய்ய வேண்டியது. மேலே எங்கோ பெய்த மழைக்கு இங்கே தண்ணீர் வரும்.

இதனால்தான் முளை இல்லாமலும் தானாக நிற்கும் குவிமாட வகையை வாங்கச் சொல்வது. முளையை நம்பி நிற்கும் ஒற்றைக் கழி டென்ட் எடை குறைவுதான், ஆனால் பாறையில் அதைக் கட்டிப் பார்த்தவர்கள் இரண்டாம் தரம் கட்டுவதில்லை.

பைக்கில் கயிறு கட்டலாமா? சென்டர் ஸ்டாண்டில், கெட்டித் தரையில் மட்டும். சைடு ஸ்டாண்ட் என்றால் வேண்டாம். ராத்திரி பனியில் மண் இளகினால் வண்டி உங்கள் மேல்தான் சாயும். டென்ட்டுக்கும் வண்டிக்கும் ஓர் ஆள் நீளமாவது இடைவெளி இருக்கட்டும், ஸ்டாண்டுக்கு அடியில் தட்டைக் கல் ஒன்று.

*4ஆ. கழி விரிசல், உடைப்பு*

சாம்பல் நிறக் கண்ணாடியிழைக் கழி நீளவாக்கில் பிளக்கும். சிம்பு கையில் ஏறும், கையுறையோடு தொடுங்கள். உடைந்த இடத்தில் 10 செமீ உலோகக் குழாய் ஒன்றைச் செருகி, இரு முனையிலும் டேப் சுற்றினால் அந்த ராத்திரி ஓடும். இந்தக் குழாய் ஒன்றை எப்போதும் டென்ட் பையிலேயே போட்டு வையுங்கள். உள்ளே ஓடும் எலாஸ்டிக் தளர்ந்திருந்தால் முடிச்சைப் பிரித்து ஒரு சாண் சுருக்கிக் கட்டினால் சரி. ஒரே கழி இரண்டு முறை உடைந்தால் முழுக் கழியையும் மாற்றுங்கள். விட்டத்தை அளந்து வாங்க வேண்டும். முடிந்தால் 8.5 மிமீ அலுமினியத்துக்கு மாறுங்கள், ஏற்கெனவே உள்ள கொக்கிகளில் அது பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டு.

5. பைக்கில் கட்ட வரவில்லை, கட்டினால் வண்டி ஆட்டம் போடுகிறது

டென்ட் மூட்டை 60 செமீக்கு மேல் நீளமா? கழிகளை உருவித் தனியாக வண்டியின் நீளவாக்கில் கட்டுங்கள். சீலையைச் சுருட்டாமல் டிரை பேக்கில் (தண்ணீர் புகாத பை) திணித்தால் எந்த மூலையிலும் அடங்கும். புதிதாக வாங்குகிறவர் எடையைவிட இதைத்தான் முதலில் கேட்க வேண்டும். மடித்த கழி 45 செமீக்குள் இருந்தால் பின்சீட்டில் குறுக்காக வைக்கலாம். எடை 2.5 கிலோ ஆனாலும் வண்டிதானே சுமக்கிறது. அதேபோல் "ஒரு ஆள்" என்று விற்பது 80, 90 செமீ அகலம், ஹெல்மெட்டும் ஷூவும் வெளியேதான். தனி ஆளுக்கு "இரண்டு ஆள்" அளவே சரி: அகலம் 120 செமீ, நடுவில் உயரம் 100 செமீ, உள்நீளம் உங்கள் உயரத்தைவிட 30 செமீ கூடுதல்.

ஆட்டத்துக்குக் காரணம் தேடும் வரிசை:

- கனம் பின்சீட்டின் மேல் இருக்கிறதா, கேரியரின் கடைசியிலா? கனமானது முன்னால், ஸ்லீப்பிங் பேக் போன்ற லேசானது பின்னால்.
- கொக்கி எலாஸ்டிக் கயிறா? குண்டும் குழியிலும் நீண்டு நீண்டு மூட்டை நகரும். பக்கிள் பட்டை இரண்டுக்கு மாறுங்கள். தொங்கும் நுனி செயினில் சிக்காமல் செருகிவிட வேண்டும்.
- பின் டயர் காற்று, இரண்டு பேர் போகும் அளவுக்கு இருக்கிறதா? அளவு செயின் கார்டு அல்லது ஸ்விங் ஆர்ம் ஸ்டிக்கரில் இருக்கும். பின் ஷாக்கை ஒரு படி இறுக்குங்கள்.
- மூட்டையை இறக்கிவிட்டு ஓட்டினாலும் ஆடுகிறதா? இது டென்ட் பிரச்சினையே அல்ல. கோன் செட், சக்கர பேரிங், ஸ்விங் ஆர்ம் புஷ். மெக்கானிக்கிடம் விடுங்கள், மலை ஏறாதீர்கள். ஏலகிரிக்கு 14 கொண்டை ஊசி வளைவு.

கேரியர் தட்டை நீட்ட வெல்டிங் பட்டறைக்குப் போனால், கேரியரைக் கழற்றிக் கையில் கொண்டுபோங்கள். வண்டியிலேயே வைத்து அடிக்கவேண்டி வந்தால் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டுத்தான்.

சைலன்சர் பக்கம் தொங்கும் நைலான் பை உருகும். ஓட்டை விழுந்தபின் தெரிந்து பயனில்லை, கட்டியதும் ஒரு சாண் இடைவெளி இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள்.

6. ஜிப் மூடினாலும் பின்னால் பிளக்கிறது

பல்லில் மண் இருந்தால் பழைய டூத் பிரஷ், பிறகு மெழுகுவத்தித் தேய்ப்பு. அப்படியும் பிளந்தால் ஓடும் ரன்னர் வாய் அகன்றிருக்கும். குறடால் இரு பக்கமும் மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாக அழுத்துங்கள். அழுத்தி அழுத்தி அது உடையும் கட்டத்தில் ரன்னரை மாற்ற வேண்டும், முழு ஜிப்பை அல்ல. ரன்னரின் முதுகில் 5, 8 என்று எண் இருக்கும், அதே எண். இதற்கு நம்ம மாவட்டங்களைப் போல வசதியான இடம் கிடையாது. ஆம்பூர், இராணிப்பேட்டை, வாணியம்பாடி தோல், ஷூ ஊர்கள். கனத்துணி தைக்கும் மெஷினும் கை தேர்ந்த ஆளும் பக்கத்திலேயே இருப்பார்கள். வேலூர் லாங் பஜார் பக்கம் பை ரிப்பேர் செய்பவரிடமும் கேட்கலாம். மழைச்சீலையில் புதுத் தையல் போட்டால் அந்த ஊசித் துளைகளுக்குச் சீலர் தடவ மறக்காதீர்கள்.

7. நடுராத்திரி யாராவது வந்து எழுப்புகிறார்கள்

இதுவும் ஒரு கோளாறுதான், டென்ட் கடையில் சரியாகாது. எழுப்புவது நிலத்துக்காரர் என்றால், சாயங்காலமே போய்க் கேட்டிருக்க வேண்டும். "ஐயா, இந்த மேட்டுல ஒரு ராத்திரி படுத்துட்டுப் போறேன், தீ மூட்ட மாட்டேன்" என்றால் பெரும்பாலும் கிணற்றடியையே காட்டுவார். எழுப்புவது வனத்துறை என்றால் நீங்கள் இருப்பது காப்புக்காடு. அனுமதியில்லாமல் அங்கே தங்குவது குற்றம், வாதாடாமல் மூட்டை கட்டுங்கள். ஜவ்வாது மலையில் சாலையோர மரத்தடி எல்லாம் புறம்போக்கு என்று நினைத்துக்கொள்ள வேண்டாம், பெரும்பகுதி காப்புக்காடுதான். போகும் முன் அந்தப் பகுதி வனச்சரக அலுவலகத்தில் கேளுங்கள்.

குடியாத்தம், பேரணாம்பட்டுக் காட்டோரம் எழுப்புவது யானையாக இருக்கலாம். ஆந்திராவின் கௌண்டின்யா சரணாலயத்திலிருந்து அவை இறங்கி வருவதுண்டு. மோர்தானா அணையைப் பகல் பொழுதில் பார்த்துவிட்டு ஊருக்குள் வந்து படுங்கள்.